முதல் நாள் மூன்று மதிப்பெண்

கணக்கு டீச்சர் அந்த மனநல மருத்துவமனையில் சேர்ந்த அன்று படிவத்தில் செய்த காரியத்தை அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை செய்திருந்தால், கையும் களவுமாகப் பிடித்து வாசலில் நிறுத்தியிருப்பாள். இருபத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்திய கை அவளுடையது. காப்பி அடிக்கிற பிள்ளை, எல்லாமே சரியாக இருந்தால் சந்தேகம் வருமே என்று வேண்டுமென்றே ரெண்டு கணக்கைத் தப்பாகப் போட்டு வைக்கும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதே வேலையைத்தான் அவளும் அன்றைக்குச் செய்தாள்.

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகும். எதிரே பூஜ்யத்திலிருந்து நாலு வரை எண்கள். பூஜ்யம் என்றால் தொல்லையே இல்லை, நாலு என்றால் தாங்க முடியவில்லை. வட்டம் போட்டால் போதும். தங்கைக்கு மருந்து மயக்கத்தில் கண் மங்கலாக இருக்குமென்று, கூட வந்திருந்த அண்ணனே படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கேள்விகளைச் சத்தமாகப் படித்தார். நல்ல மனசோடுதான் படித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சின்ன வயசில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன், ஆபீஸ் சட்டையோடு பக்கத்தில் நின்றுகொண்டு, "செத்துடலாம்னு தோணுதா?" என்று எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தால், அவர் முகத்தைப் பார்த்து நாலு என்று சொல்ல எந்தத் தங்கைக்கு வாய் வரும்?

"பூஜ்யம்" என்றாள் டீச்சர்.

எல்லாமே பூஜ்யமாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று தூக்கத்துக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, அலுப்புக்கு ஒன்று போட்டாள். மொத்தம் எழுபத்திரண்டுக்கு மூன்று. அண்ணன் பெருமூச்சு விட்டார். "பரவால்லம்மா, ஒண்ணும் பெருசா இல்ல. ரெண்டு வாரத்துல வந்துடுவ." மூன்று நாள் முன்னால்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்திருந்தார்கள். சாகப் பார்த்தது அவளாகவேதான் என்று அங்கே எழுதிக் கொடுத்த சீட்டு அண்ணனின் பைக்குள் இருந்தது. அப்படி இருந்தும் மூன்றைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. மனுஷனுக்கு எதையாவது நம்ப வேண்டியிருக்கிறது, எண்ணாக இருந்தால் இன்னும் சௌகரியம்.

வார்டு இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னல்கள் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அலமாரிகளுக்குக் கதவு கிடையாது. குளியலறைக் கண்ணாடி கண்ணாடியே இல்லை, தேய்த்துப் பளபளப்பாக்கிய தகடு. அதில் பார்த்தால் யார் முகமும் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாதிரிதான் தெரியும். சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணி வைப்பார்கள், ஒன்று குறைந்தால் யாரும் நாற்காலியை விட்டு எழக்கூடாது. கோடியில் ஒரு கனமான கதவு இருந்தது. நர்ஸுகள் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் அது 'டிக்' என்று திறக்கும், அவர்கள் போனதும் அதே சத்தத்தோடு மூடிக்கொள்ளும். முதல் வாரத்தில் டீச்சர் அந்தச் சத்தத்தை எண்ணினாள். ஒரு பகலுக்கு நூற்றுப் பத்துக்குக் குறையவில்லை. அதில் ஒரு தடவைகூட அவளுக்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் பதினோரு மணிக்கு மார்க்கம்மா வருவாள். அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளிகள் குணமாகிறார்களா என்று அளந்து கணக்குக் காட்டுகிற பிரிவில் வேலை. அதே பதினெட்டுக் கேள்விகளை, ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் ஒவ்வொரு கட்டிலிலும் கேட்பாள். பேர் வைத்தது வார்டுக்காரர்கள். அவளுக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை அவள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், பக்கத்துக் கட்டில்காரி, ஒரு காலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள், டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்:

"மொத நாள் என்ன போட்ட?"

"மூணு, அக்கா."

"எழுபத்திரண்டுக்கா? எதையும் மறைக்காம சொல்லு, நெஜமா எத்தனை இருக்கும்?"

டீச்சர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் அவளுக்கு என்றைக்கும் தப்பியதில்லை. "அறுபதுக்கு மேல."

ஆபரேட்டர் அக்கா சிரித்துவிட்டாள். "பொய் சொல்றதுக்கு வீடே போதுமேடி. அதுக்கு எதுக்கு இங்க வந்து படுத்துக் கிடக்கணும்?"

அந்தப் பேச்சு டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. மார்க்கம்மா கேட்கக் கேட்க உள்ளதை உள்ளபடி சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. மருந்து ஒரு வாரம் உள்ளே போயிருந்தும் நாற்பத்து நாலு வந்தது. அடுத்த வாரம் முப்பத்தாறு. அதற்கடுத்த வாரம் இருபத்தேழு. அப்புறம் பத்தொன்பது. தூக்கம் திரும்பியிருந்தது. தினசரியில் வருகிற எண் புதிரை வாங்கிப் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் ஆபரேட்டர் அக்கா யாரையோ நக்கல் அடித்தபோது தன்னை அறியாமல் சிரித்து, தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். ஆமாம், அவள் தேறிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் கம்ப்யூட்டரில் இருந்த கோடு வேறு கதை சொன்னது. மூன்றில் தொடங்கி, விருட்டென்று நாற்பத்து நாலுக்கு ஏறி, மெள்ள இறங்கிப் பத்தொன்பதில் நின்றது அது. மூன்றோடு வந்த பெண்மணி ஐந்தாவது வாரத்தில் பத்தொன்பதோடு இருக்கிறாள். அதாவது ஆறு மடங்கு மோசம்.

இதை டாக்டரே புதன்கிழமை தன் அறைக்கு வரச் சொல்லிக் காட்டினார். நல்ல மனுஷர், தூக்கமில்லாத கண்கள்.

"டீச்சர், வீட்டுக்கு அனுப்பணும்னா சேர்ந்தப்ப இருந்த மார்க் பாதியாக் குறையணும். ரெண்டு வாரம் தொடர்ந்து அப்படியே நிக்கணும். கமிட்டி அதைத்தான் பார்க்கும்."

"மூணுல பாதி ஒண்ணரை. அப்ப என் மார்க் ஒண்ணுல வந்து நிக்கணும்."

"ஆமா."

"டாக்டர், வெளிய தெருவுல போற யாரை வேணா கூப்பிட்டு இதைக் கேளுங்க. ஒருத்தருக்காவது ஒண்ணு வருமா? உங்களுக்கு வருமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பத்தொன்பதுக்குக் குறையாது என்று டீச்சருக்குப் பட்டது.

"மொத நாள் நான் சொன்னது பொய். அறுபத்தொண்ணுன்னு மாத்திக்குங்க. எல்லாம் சரியாயிடும்."

"அதை மாத்த முடியாது. இருபத்து நாலு மணி நேரத்துல பூட்டிடும். முன்னாடி சில இடத்துல ஆளு குணமான மாதிரி காட்டறதுக்காக மொத நாள் மார்க்கைப் பின்னாடி ஏத்தி எழுதினாங்க. அதனால வந்த பூட்டு."

டீச்சருக்குத் தன் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. மதிப்பெண் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு எண்ணை மாற்றச் சொல்லி எத்தனை பெற்றோர் அவள் முன்னால் நின்று கெஞ்சியிருக்கிறார்கள்! ஒருத்தருக்கும் அவள் மாற்றியதில்லை. அந்த விதியில் எந்த ஓட்டையும் இல்லை, அவளே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பாள். அதுதான் அவளுக்கு மூச்சை முட்டியது.

"சரி, நாளைக்கே திரும்பக் கேக்கச் சொல்லுங்க, பூஜ்யம்னு சொல்லிடறேன்."

"பத்தொன்பதுலேருந்து ரெண்டே நாள்ல பூஜ்யமா? ஏற்கெனவே மறைச்சவங்கன்னு நான் உங்க ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். திரும்ப மறைக்கறீங்கன்னு முடிவு பண்ணி, இன்னும் கண்டிப்பான வார்டுக்கு மாத்துவாங்க."

உண்மை சொன்னால் மோசமாகிவிட்டாள், பொய் சொன்னால் மறைக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இன்னும் ரெண்டு மாதம் இப்படியே போகலாம் என்றார் டாக்டர். டீச்சரிடம் ரெண்டு மாதம் இல்லை. வெள்ளிக்கிழமை வரைதான் இருந்தது.

காரணம் அவளுடைய மகள். பதினாறு வயசு. அப்பா வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய் ஆறு வருஷமாகிறது, அதிலிருந்து அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். இந்த ஐந்து வாரமும் அவள் மாமன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீடு ரெண்டே அறை, அண்ணிக்குத் தன் மூன்று பிள்ளைகளோடு இவளையும் பார்க்க முடியவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, இடம் இல்லை, அவ்வளவுதான். எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊரில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம் பார்த்திருந்தார் அண்ணன். சனிக்கிழமை காலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க மாட்டார்கள். "நீ வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டா பாப்பா எங்கயும் போக வேணாம்மா" என்று போனில் சொல்லியிருந்தார். ஹாஸ்டலுக்குப் போனால் ரெண்டு வருஷம் அங்கேதான். பெண்ணைத் தானேதான் நாடு கடத்துகிறோம் என்ற நினைப்பு டீச்சரின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

டாக்டர் அவள் ஃபைலைப் புரட்டினார். "ஒண்ணு இருக்கு. வீட்டார் படிவம். பேஷண்ட்டோட ஒரே வீட்ல இருக்கறவங்க அதை நிரப்பணும். பதினஞ்சு வயசுக்கு மேல இருந்தாப் போதும். அவங்களுக்குச் சிரமம் ரொம்பக் குறைவுன்னு வந்தா, உங்க மார்க் எப்படி இருந்தாலும் என் பொறுப்புல அனுப்பலாம்."

"எவ்வளவு குறைவு?"

"பத்துக் கேள்வி, நாப்பது மார்க். எட்டுக்குக் கீழ இருக்கணும்."

டீச்சருக்கு உடம்பெல்லாம் ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. அன்றே மகளுக்குப் போன் செய்தாள். நாளைக்குச் சாக்குப்போக்கு ஏதும் சொல்லாமல், பள்ளி முடிந்ததும் நேரே வந்துவிடச் சொன்னாள். எட்டு என்ற எண்ணையும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு டீச்சர் செய்கிற காரியமா அது? ஆனாலும் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்குப் பார்வையாளர் அறைக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி, மேஜையும் நாற்காலியும் தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தன. நடைபாதைப் பக்கத்துச் சுவரில் பாதிக்கு மேல் கண்ணாடி. மகள் பள்ளிச் சீருடையில், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மார்க்கம்மா எதிரே படிவத்தோடு.

"சட்டப்படி நீங்க உள்ள இருக்கக் கூடாது டீச்சர்" என்றாள் மார்க்கம்மா. "அஞ்சு நிமிஷ வேலை, பரவால்ல. உக்காருங்க."

மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். இளைத்திருந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். பூஜ்யம், பூஜ்யம். கேள்வியைப் படிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. டீச்சர் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகவே அத்தனையும் படித்தாள். பரீட்சை ஹாலில் நடந்து நடந்து தலைகீழாகப் படிப்பது அவளுக்குப் பழக்கம். பூஜ்யம். பூஜ்யம். தூக்கத்துக்கு ஒன்று. படிப்பில் கவனத்துக்கு ஒன்று. மறுபடி பூஜ்யங்கள். மொத்தம் ரெண்டு.

ரெண்டு! எட்டுக்கு எவ்வளவோ கீழே. நாளைக்கு மத்தியானம் டீச்சர் தன் வீட்டில் இருப்பாள். சந்தோஷத்தில் மனசுக்குள்ளேயே துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஏனென்றால் இந்த விடைத்தாளை அவளுக்குத் தெரியும். எல்லாமே பூஜ்யமாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று ரெண்டு இடத்தில் ஒன்று போட்டு வைத்த கை இது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்திருக்கிறது. டீச்சர் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். இந்த ஐந்து வாரத்தில் தன்னைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படிக் கவனித்துப் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பேனா பிடித்திருந்த விரல்களில் நகமே இல்லை, சதை வரைக்கும் கடித்திருந்தது. பை இன்னும் தோளில்தான் இருந்தது, எந்த நிமிஷமும் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்பது போல. டீச்சர் சாகப் பார்த்த அன்றைக்குப் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்து கதவைத் திறந்து அம்மாவைக் கண்டெடுத்தவள் இவள்தான். அதைப் பற்றி இவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

மார்க்கம்மா படிவத்துக்காகக் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் டீச்சர். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தலையே?"

"இல்ல. ஏன்?"

"வேற தாள் இருந்தா அவகிட்ட குடுங்க. திரும்ப எழுதட்டும். நான் வெளிய நிக்கறேன்."

மகள் பயந்துபோய் நிமிர்ந்தாள். "ஏம்மா? எட்டுக்குள்ளதானே வந்திருக்கு! சரியாத்தானே போட்டேன்?"

"ரொம்பச் சரியாப் போட்டிருக்க கண்ணு. அதான் பயமா இருக்கு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா!"

"தெரியும்."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. உட்கார்ந்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அவள் குனிந்து மகளிடம் சொன்னாள்:

"இங்க சேர்ந்த அன்னிக்கு மாமா பக்கத்துல நின்னாரு. நான் மூணு போட்டேன். நெஜத்துல அறுபத்தொண்ணு. நாள் பூரா சாகணும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உன்னைப் பத்திகூட நெனைக்கலை. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால பூஜ்யம்னேன். நீ என் மாதிரி பண்ணாத. உன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்."

மார்க்கம்மா பையைத் துழாவி இன்னொரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. நர்ஸ் அட்டையைக் காட்டினாள், கதவு திறந்தது, டீச்சர் நடைபாதைக்கு வந்தாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டாள். திரும்பவும் பார்த்தாள். இந்தத் தடவை மகள் பையை இறக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்துப் படித்தாள். ஒரு வட்டம் போட ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது கேள்வியில் மூக்கைச் சீருடையின் கையில் துடைத்துக்கொண்டாள். வெளியே நின்றவளுக்கு எண்கள் தெரியவில்லை. சனிக்கிழமை பஸ் மட்டும் தெரிந்தது, ஜன்னலோரம் ஒரு சீருடை, எட்டு மணி நேரம். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. உள்ளே போய்த் தாளைப் பிடுங்கிக் கிழிக்கலாம் என்றால் கதவைத் திறக்க அவள் கழுத்தில் அட்டை இல்லை.

ஆறாவது கேள்வியில் மகளின் பேனா நின்றது. நின்றது நின்றதுதான். மார்க்கம்மா ஏதோ கேட்டாள். மகள் தலையாட்டிவிட்டு, எழுந்து வந்து கண்ணாடிப் பக்கம் நின்றாள். மார்க்கம்மாவே வந்து தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு?"

மகள் தாளை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கேள்வியை அவள் வாசிக்கவில்லை. டீச்சர்தான் வாசித்தாள், இப்போது நேராகவே தெரிந்தது: 'அவர் வீட்டில் தனியாக இருக்கும்போது, நீங்கள் திரும்பி வந்து கதவைத் திறக்கப் பயப்படுகிறீர்களா?'

"அம்மா, இதுக்கு நாலுக்கு மேல கெடையாதா?"

டீச்சர் கேள்வியை இன்னொரு தடவை படித்தாள். ஐந்து வாரமாக, மகளுக்காக வீட்டுக்குப் போக வேண்டும் என்று சுவர் சுவராக முட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் அந்த வீட்டுக்கு வரத்தான் பயந்துகொண்டிருக்கிறது. அம்மா இருக்கிற வீட்டுக்கு.

"கெடையாதும்மா" என்றாள். "நாலு போடு."

மகள் அங்கேயே, கண்ணாடிச் சுவரில் தாளை வைத்து வட்டம் போட்டாள். போட்டு முடித்ததும் அவள் தோள்கள் இறங்கின. பிறகு அம்மாவின் மேல் சாய்ந்து, பதினாறு வயசு என்பதை எல்லாம் மறந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டாள். கூட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மார்க்கம்மா கதவை மூட விடாமல், தன் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.